பாயின் வலப்பக்கம்

"உனக்கு அது வேண்டாம், லவ்" என்றார் கடைக்காரர்.

எனக்கு எது வேண்டும் என்று நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. சுவரோரம் சாத்தியிருந்த ஒரு பழைய ரைஃபிளைப் பார்த்து விரலை நீட்டியிருந்தேன், அவ்வளவுதான். 'லவ்' என்பது அந்த ஊர்க் கடைக்காரர்களின் 'அம்மா'.

எழுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமைக் காலை. சிட்னியின் மேற்கே, பாரமட்டா ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், மீன்பிடித் தூண்டிலும் துப்பாக்கியும் சேர்த்து விற்கும் கடை. அந்தக் காலத்தில் சனிக்கிழமை மதியத்தோடு ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். அதற்குள் வாரத்துக்கான காய்கறியை வாங்கிவிட வேண்டும் என்று நானும் என் கணவரும் பென்டில் ஹில்லிலிருந்து ரயிலில் வந்திருந்தோம். அவர் கையில் இரண்டு பை. ஒன்றிலிருந்து காலிஃபிளவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த லட்சணத்தில்தான் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தோம்.

நுழைந்தோம் என்ன, நான் நுழைந்தேன். அவர் பின்னால் வந்தார். கண்ணாடி வழியாக அந்த ரைஃபிளைப் பார்த்ததும் என் கால் தானாக உள்ளே போய்விட்டது. முனைவரை மரம் போர்த்திய, மொண்ணை மூக்குத் துப்பாக்கி. பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களைப் பழக்குவதற்காகச் செய்தது. சின்னத் தோட்டா, ஒரு தடவைக்கு ஒன்றுதான் போடலாம். திருச்சியில் கல்லூரியில் படித்தபோது மாணவர் படையில் சேர்ந்து, தாவணியை விட்டுக் காக்கிச் சட்டைக்கு மாறி, குப்புறப் படுத்து நான் தோளோடு அணைத்துக்கொண்ட துப்பாக்கி இதேதான். இதுவே இல்லையென்றால் இதன் கூடப் பிறந்தது.

"ஏன் வேண்டாம்?" என்று கேட்டேன்.

கேட்டது நான். அவர் பதில் சொன்னது என் கணவரிடம். "கனமான சாமான். பெண்கள் தோளுக்குச் சரிப்படாது. முயலை அடிக்கப் பண்ணைக்காரன் எவனாவது வாங்கிப் போவான் என்று வைத்திருக்கிறேன். உங்கள் மனைவிக்கு ஏற்றது இங்கே இருக்கிறது, பாருங்கள்."

"என்னைக் கேட்டு என்ன பயன்? நான் பட்டாசுக்கே காதைப் பொத்திக்கொள்கிறவன்" என்றார் என் கணவர். அவர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். "அவளிடம் பேசுங்கள். சுடுகிறவள் அவள்தான்."

கடைக்காரர் அவரைப் பார்த்த பார்வையில் இருந்த இரக்கத்தை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

பெரிய உருவம், கால்சட்டைக்குத் தோள்வார், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கல்லாவுக்கு அடியில் ஒரு கிழட்டு நாய். அவரிடம் இல்லாத அபிப்பிராயம் உலகத்தில் இல்லை. குழாயைத் துடைக்க எந்த எண்ணெய், எந்த நாட்டுத் தோட்டா ஈரத்தில் கெடும், தூரத்துப் பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி எப்படிச் சோம்பேறிகளை உற்பத்தி செய்கிறது, எல்லாவற்றையும் நாம் கேட்காமலே சொல்லுவார். எனக்குத் திருச்சி ஜவுளிக்கடை ஞாபகம் வந்தது. மயில் கழுத்து நிறம் கேட்டால், "உங்க நிறத்துக்கு அது எடுக்காதும்மா" என்று அரக்குப் புடவையை விரித்துப் போடுவார்களே, அந்த ஜாதி. அந்தக் கடைகளில் நான் எரிந்து விழுந்திருக்கிறேன். இங்கே எரிந்து விழத் தோன்றவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாக இருந்தது.

ஏனென்றால் அந்த ஊரில் அதுவரைக்கும் யாரும் என்னிடம் எதையும் மறுத்துப் பேசியதில்லை. எல்லோரும் புன்னகைப்பார்கள். "இன்றைக்கு வெயில் நன்றாக இருக்கிறது" என்பார்கள். என் நீள முடி குளிர்காலத்தில் காயவே காயாது. பிடரியில் ஈரம் தங்கி இருமல் வந்து, ஒரு நாள் கடுப்பில் போய்க் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டுக்காரி, தபால்காரர், ரொட்டிக்கடைப் பெண், எல்லோரும் "அழகு" என்றார்கள். ஒருத்தராவது "ஏண்டி இப்படிப் பண்ணிக்கிட்டே?" என்று கேட்க மாட்டார்களா என்று இருந்தது.

கேட்டவர் ஒருவர் உண்டு. இரண்டு தெரு தள்ளியிருந்த யாழ்ப்பாணத்து அக்கா. அப்போது அந்தப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் அபூர்வம். அவர் என் தலையைப் பார்த்துவிட்டு, "உமக்கு விசரே? என்ன வடிவான தலைமயிர்!" என்று நெஞ்சில் கை வைத்தார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த பாசம் கொஞ்சநஞ்சமல்ல.

கடைக்காரர் துப்பாக்கியை விற்கவில்லை. "முதலில் சுடக் கற்றுக்கொண்டு வா" என்றார்.

"எனக்குச் சுடத் தெரியும்."

"எல்லோரும் அப்படித்தான் சொல்லுவார்கள்" என்று, ஊருக்கு வெளியே பழைய கல்குவாரியில் இருந்த ஒரு துப்பாக்கி சுடும் சங்கத்துக்கு வழி சொன்னார். "அங்கே பழக்குகிறவன் ஒரு விசில்காரன். அவன் சொல்வதில் பாதியைக் காதில் வாங்காதே."

எந்தப் பாதியை என்று அவர் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை கணவர் என்னைக் குவாரியில் கொண்டுபோய் விட்டார். தகரக் கூரை, சிமென்ட் தரை, சுடும்போது ஏற்றும் சிவப்புக் கொடி, அந்தண்டை யூகலிப்டஸ் மரங்கள். விசில்காரர் ஒல்லி, பட்டாளத்தில் இருந்தவர், ஒரு முட்டி மடங்காது. கழுத்தில் நிஜமாகவே விசில். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யார் அனுப்பியது என்று கேட்டார். சொன்னேன்.

"அந்தக் கடைக்காரனா? பெண்களுக்கு லேசான துப்பாக்கி என்று சொல்லியிருப்பானே. முட்டாள். லேசானது ஆடும்."

எனக்கு வாயெல்லாம் பல். "அதனால்தான் நானும் கனமானதைக் கேட்டேன்" என்றேன்.

"நீ கேட்டதும் தப்பு. உனக்குத் தேவையானது கனமும் இல்லை, லேசும் இல்லை, நான் தருவது" என்று சங்கத்துத் துப்பாக்கி ஒன்றைக் கையில் கொடுத்தார்.

ஒற்றைக் கண்ணை மூடாதே என்றார். துப்பாக்கி வாரைக் கையில் இப்படிச் சுற்றாதே என்றார். காலை இன்னும் அகட்டு என்றார். மூச்சை முழுசாக விட்டுவிட்டுச் சுடு என்றார். கடைக்காரரோ போகிற போக்கில், மூச்சைப் பிடித்துக்கொண்டு சுட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று ஊரில் சொல்வோம். இங்கே முயல் ஒன்று, பிடித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மூன்று கால் என்றால் இன்னொருவர் ஐந்து என்றார். நான் பூம்பூம் மாடு மாதிரி இருவருக்கும் தலையாட்டினேன்.

தலையாட்டிவிட்டு, படுத்தபின், நான் கேட்டது வேறொரு குரலைத்தான்.

அவளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பொன்மலை ரயில்வே குடியிருப்பிலிருந்து கல்லூரிக்கு வந்தவள், என் வகுப்பு. சோடாபுட்டிக் கண்ணாடி, ஒடிந்து விழும் உடம்பு, ஆளைவிடப் பெரிய சிரிப்பு. மாணவர் படையில் இரண்டு பேருக்கு ஒரு துப்பாக்கி, ஒரு பாய். ஒருத்தி சுடும்போது மற்றவள் அவளுக்கு வலப்பக்கம் ஒட்டிப் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு தோட்டாவாக எடுத்துக் கொடுக்க வேண்டும். பிறகு இடம் மாற வேண்டும். படிக்கப்போன வருஷங்களில் அந்தப் பாயின் வலப்பக்கம் எனக்கு அவள், அவளுக்கு நான்.

தோட்டா எங்களுக்கு அளந்து கஞ்சி வார்ப்பது போலத்தான் கிடைக்கும். ஒரு முறைக்கு ஆளுக்கு ஐந்து. அதற்கப்புறம் மாதக்கணக்கில் வெறும் துப்பாக்கி. வெறும் துப்பாக்கியை வைத்து விசையை அழுத்திப் பழகுவோம். குழாயின் முனையில் அவள் ஒரு காசை நிறுத்தி வைப்பாள். விசையை அழுத்தும்போது காசு விழாமல் இருந்தால் கை ஆடவில்லை என்று அர்த்தம். விழுந்தால் என் முதுகில் ஒரு குத்து. "மூச்சை விடு. பாதி விடு. போதும், இப்ப இரு" என்று காதோரம் முணுமுணுப்பாள். அந்த "இப்ப இரு"வுக்கு அப்புறம் வரும் அமைதி இருக்கிறதே, அதற்காக நான் எத்தனை வெயிலிலும் படுத்திருப்பேன். சிட்னியில் எங்கள் வீட்டிலும் நாள் முழுக்க அமைதிதான். அது ஆளில்லாத அமைதி. பாயில் இருந்தது, ஆள் பக்கத்தில் இருக்கும் அமைதி.

இன்னொன்று. சுட்டு முடித்ததும் துப்பாக்கி வலப்பக்கமாக ஒரு சின்னப் பித்தளைக் கூட்டைத் துப்பும். வெடித்த தோட்டாவின் மிச்சம். எங்களைப் பழக்கிய வடக்கத்தி ஹவில்தார் அதைக் கோக்கா என்பார். எத்தனை தோட்டா வாங்கினோமோ அத்தனை கோக்காவைத் திருப்பித் தர வேண்டும். ஒன்று குறைந்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அவருக்கு எங்கள் மேல் சந்தேகம் ஒன்றும் இல்லை, பாவம். மேலே அவர் பதில் சொல்ல வேண்டுமே.

ஒருமுறை அவள் சுட்ட கோக்காவில் ஒன்றைக் காணோம். மைதானத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் முட்டி போட்டுப் புல்லைப் பிரித்துத் தேடினோம். பொழுது சாயத் தொடங்கிவிட்டது. கல்லூரி பஸ் டிரைவர் ஹார்ன் அடிக்கிறார். ஹவில்தார் அழாத குறை. திடீரென்று அவள் என்னைப் பார்த்துக் கண்ணாடியை உயர்த்தினாள். கிட்டே வந்தாள். என் பின்னலைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். பின்னலின் இரண்டு கால்களுக்கு நடுவே, பூச்சூடியது மாதிரி உட்கார்ந்திருந்தது கோக்கா. "கழுதை! மதியத்துலேர்ந்து தலையில வச்சுக்கிட்டு எங்களைத் தேடவிட்டியே!" என்று அவள் சிரித்த சிரிப்பில் ஹவில்தாரும் சிரித்துவிட்டார்.

படிப்பு முடிந்ததும் எனக்குக் கல்யாணம். அவளுக்கும் ஆயிற்று என்று கேள்விப்பட்டேன். புருஷனுக்கு வடக்கே எங்கோ வேலை, வருஷத்துக்கு ஒரு ஊர். அவள் அப்பாவும் ஓய்வு பெற்றுப் பொன்மலை வீட்டைக் காலி செய்துவிட்டார். சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் சமாதானமாவது ஆகலாம். நாங்கள் வெறுமனே கைநழுவிப் போனோம்.

குவாரிக்கு வருகிறேன். ஐந்து தோட்டாவைச் சுட்டேன். அங்கே படுப்பவர்களுக்குப் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. காதுக்குப் பஞ்சு வைத்த மூடி போட்டிருந்தேன். என் கடைசிக் கோக்கா சிமென்ட் தரையில் விழுந்து, சரிவில் உருண்டு, நாங்கள் படுத்துச் சுடும் கோட்டைத் தாண்டி முன்னால் போய் நின்றது.

திருச்சியில் வரிசை முழுக்க ஒரே கட்டளைக்குச் சுடும், ஒரே கட்டளைக்கு நிறுத்தும், எல்லோரும் சேர்ந்து எழுந்து பொறுக்குவோம். நான் ஐந்தை முடித்துவிட்டால் உலகமே ஐந்தை முடித்துவிட்டது என்று பொருள். எழுந்தேன். கோட்டைத் தாண்டினேன். குனிந்து கோக்காவை எடுத்தேன்.

அந்த விசில் காதுமூடியைத் துளைத்துக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தால் வரிசையில் எல்லோரும் துப்பாக்கியை விட்டுக் கையை உயரத் தூக்கியிருக்கிறார்கள். இங்கே அவரவர் இஷ்டத்துக்கு, அவரவர் நேரத்தில் சுடுவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. விசில்காரரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. மடங்காத காலை இழுத்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து இழுத்தார்.

"எதற்காகப் போனாய்?"

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

"குப்பையா? இந்தக் குப்பைக்காகவா?" அவர் கையை நீட்டிக் காட்டினார். கூரைக்கு ஓரத்தில் ஒரு டின் இருந்தது. தினமும் சாயங்காலம் பெருக்கி அள்ளிப் போட்ட கோக்காக்கள் அதில் வழிந்துகொண்டிருந்தன. அதுவரை நான் அதைக் கவனிக்கவில்லை. "நான் சொல்லும்வரை நீ இங்கே துப்பாக்கியைத் தொடக்கூடாது. வர வேண்டுமென்றால் வா. பின்னால் உட்கார். பார்."

அவர் திட்டியது சரி. அதில் எனக்கு வாதமே இல்லை. ஆனால் அன்றைக்கு ரயிலில் வீடு திரும்பும்போது பயம் வந்தது. திரும்பச் சுடவே முடியாமல் போய்விடுமோ என்பது மட்டுமல்ல அது. அந்தப் பாய் ஒன்றுதான் அவளிடம் போக எனக்குத் தெரிந்த வழி. அதையும் நானே அடைத்துவிட்டேன்.

சனிக்கிழமை தவறாமல் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். விசில்காரர் என்னைப் பார்க்காத மாதிரி நடந்துகொண்டே, எனக்குக் கேட்கும்படி ஊருக்கு உபதேசம் செய்வார். வீட்டில் துடைப்பக் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வரவேற்பறைக் கம்பளத்தில் குப்புறப் படுத்தேன். கணவரை வலப்பக்கம் படுக்கச் சொல்லி, கட்டையின் நுனியில் காசை வைக்கச் சொன்னேன். நல்ல மனிதர், வேலை முடிந்து வந்த அசதியோடு படுத்தார்.

"இப்ப நான் என்ன சொல்லணும்?"

"மூச்சு விடச் சொல்லுங்க."

"மெதுவா மூச்சை இழும்மா. ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எண்ணு. ஒண்ணும் பயமில்லை" என்றார், ஆபரேஷன் மேஜையில் சொல்கிற குரலில். எனக்குத் தூக்கம் வந்தது. காசு விழுந்தது. அந்த நேரம் பார்த்துத் தேங்காய்ப்பூவோடு பிட்டு கொண்டுவந்த யாழ்ப்பாணத்து அக்கா, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே வந்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன பிள்ளை, டொக்டரையும் கீழ கிடத்திப்போட்டீர்?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். "துவக்குச் சுடுறதுக்கு நான் ஒண்டும் சொல்லேலாது. எனக்குப் பயம். ஆனா ஏன் அந்தக் கோதைப் பொறுக்கப் போனனீர் எண்டு அந்த மனுசனுக்குச் சொன்னீரோ?"

"அவர் கேக்கலையே அக்கா."

"அவங்கள் சொல்லத்தான் பிறந்தவங்கள், கேக்கமாட்டாங்கள். நீர்தான் சொல்லோணும்."

சொன்னேன். ஆனால் விசில்காரரிடம் போய்ச் சொல்லத் துணிச்சல் வரவில்லை, கடைக்காரரிடம் சொன்னேன். அந்தப் பழைய ரைஃபிள் விற்றுப்போய்விட்டதா என்று பார்க்கப் போனவள், கல்லாவில் சாய்ந்துகொண்டு இரண்டு பேருக்கு ஒரு துப்பாக்கியில் தொடங்கி, பின்னலில் கிடைத்த கோக்கா வரைக்கும் கொட்டிவிட்டேன். அவர் நடுவில் ஒரே ஒரு முறைதான் குறுக்கிட்டார். குழாயின் முனையில் காசை நெட்டுக்குத்தாக வைப்பீர்களா, படுக்கையாகவா என்று கேட்டார். படுக்கையாக என்றேன். "தப்பு" என்றார். 

வந்த சனிக்கிழமை பிற்பகல், குவாரியில் அவருடைய வண்டி வந்து நின்றது. கிழட்டு நாய் முதலில் இறங்கியது. பிறகு அவர், கையில் துணி சுற்றிய அந்த ரைஃபிளோடு. நேராக விசில்காரரிடம் போனார். இருவரும் கூரைக்கு வெளியே நின்று பேசினார்கள். பேசினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. எனக்குக் கேட்டவரையில் துப்பாக்கியின் கனம், தோளின் அகலம், யாருடைய முட்டாள்தனம் யாருடையதைவிடப் பெரிது என்பதெல்லாம் அலசப்பட்டது. நடுவில் இருவரும் ஒருசேர என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் நின்று வரதட்சணை பேசுவது மாதிரி இருந்தது.

கடைசியில் விசில்காரர் வந்து, "ஐந்து தோட்டா. நான் சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது" என்றார்.

பிறகு அவர் ஒன்று செய்தார். மற்ற எல்லோரையும் நிறுத்தச் சொல்லி, மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து வந்து, என் பாய் விரிக்க வேண்டிய இடத்தைச் சுற்றிலும் தரையைத் தானே பெருக்கினார். பழைய கோக்கா ஒன்றுகூட இல்லாமல் பெருக்கினார். கடைக்காரர் அவரிடம் எதைச் சொல்லியிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

படுத்தேன். ரைஃபிளின் கட்டை கன்னத்தில் பட்டதும், என்னையறியாமல் பாயின் இடது பாதிக்கு நகர்ந்து, வலப்பக்கம் ஒரு ஆள் படுக்க இடம் விட்டேன். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு பேரும் பின்னால் நின்று பல்லைக் கடித்திருப்பார்கள், கடிக்கட்டும். மூச்சை விடு. பாதி விடு. போதும், இப்ப இரு.

ஐந்தும் போயின. எப்படிப் போயின என்று தூரப்பார்வைக் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. கைக்குத் தெரிந்தது. உச்சந்தலை வரைக்கும் சந்தோஷம் ஏறியது. "பாத்தியாடி?" என்று வலப்பக்கம் திரும்பினேன்.

பெருக்கிய சிமென்ட் தரை.

வாய்விட்டே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. விசில்காரர் குனிந்து, "யாரைத் தேடுகிறாய்?" என்றார்.

"என் ஜோடியை" என்றேன். "அவள் இங்கேதான் படுத்திருப்பாள்."

உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு அபிப்பிராயம் வைத்திருந்த இரண்டு மனிதர்கள். கடைக்காரர் குனிந்து நாயின் காதைத் தடவினார், விசில்காரர் கழுத்து விசிலைத் திருகினார். எனக்கு அவள் வேண்டும், இந்த நிமிஷம், இந்தத் தரையில், சோடாபுட்டிக் கண்ணாடியோடு வேண்டும் என்று இருந்தது.

விசில்காரர் நீளமாக விசிலடித்தார். கொடியை இறக்கச் சொன்னார். பிறகு மடங்காத முட்டியைப் பக்கவாட்டில் நீட்டி, ஒரு கையைத் தரையில் ஊன்றி உட்கார்ந்து, என் கோக்காக்களைப் பொறுக்க ஆரம்பித்தார். மற்றவர்களும் வந்தார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. அவர் பொறுக்குகிறார், அதனால் பொறுக்கினார்கள். பாயை உதறிப் பார்த்தார்கள். கூரைக் கம்பத்துக்குப் பின்னால் பார்த்தார்கள். நாய்கூட முகர்ந்து பார்த்தது.

"நாலு" என்றார் விசில்காரர், என் உள்ளங்கையில் வைத்து.

மரங்களுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. "அந்த டின்னில் ஒரு மூட்டை கிடக்கிறது. ஒன்றை எடுத்துக் கொடுத்து அனுப்பு, அவளுக்கு ரயில் போய்விடும்" என்றார் கடைக்காரர்.

"அது அவளுடையது இல்லை" என்றார் விசில்காரர். அந்த மனிதர் சொன்ன அபிப்பிராயங்களில் முதல் தடவையாக ஒன்றை நான் முழுசாக ஒப்புக்கொண்டேன்.

சுட்டவள் தலையில் அவள் கோக்கா விழாது. வலப்பக்கம் படுத்திருப்பவள் மேல்தான் விழும். எனக்கா தெரியாது? ஆனாலும் என் கை, பின்னலைத் தேடிக்கொண்டு பிடரிக்குப் போனது. அங்கே வெறும் கழுத்துதான் இருந்தது.